இல்லாத அக்காவின் பெண்

எங்கள் மகள் பேசுவதெல்லாம் எங்கேயோ கேட்ட பேச்சுதான். ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டால், அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு, நாள்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே எங்களுக்கு இது பழகிவிட்டது. அதனால் வீட்டில் ஒரு கட்டுப்பாடு: திரும்பக் கேட்கக் கூசுகிற எதையும் அவள் எதிரில் பேசக்கூடாது. பொங்கி வழிந்த பாலை என் கணவர் ஒருமுறை "சனியனே" என்று திட்டிவிட்டு, வாரக்கணக்கில் அனுபவித்தார். கட்டுப்பாட்டைப் போட்டவள் நான்.

போன செவ்வாய்க்கிழமை அவருக்கு பஸ் டிப்போவில் இரவு வேலை. மகளை வேறு யாரிடமும் விட முடியாது, விட்டுப் பார்த்தாயிற்று. பரீட்சை நெருங்குவதால் மாலைநேரக் கணக்கியல் வகுப்புக்கு அவளையும் கூட்டிப் போனேன்.

கடைசி வரிசையில் சாவிக்கொத்தைக் குலுக்கியபடி நன்றாகத்தான் இருந்தாள். பிறகு தலைக்கு மேலே டியூப்லைட் ரீங்கரிக்கத் தொடங்கியது. எனக்குக் கேட்கக்கூட இல்லை. அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். மேஜைக்கு அடியில் புகுந்தவளைத் தொட்டபோது என் மணிக்கட்டைக் கடித்தாள். சார் கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டார்.

என்னோடு படிக்கும் மருந்துக்கடைப் பெண்தான் எழுந்து போய் விளக்கை அணைத்தாள். அலறல் அடங்கியதும் என் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"உங்க பொண்ணாங்க?"

"அக்கா பொண்ணு" என்றேன். கொஞ்சம் சிரித்தும் வைத்தேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மகள் அதையே சொன்னாள். என் குரல், என் அவசரம், அந்த அரைச் சிரிப்பு, எதுவும் குறையவில்லை. அவளுக்குப் பிடித்த வேறு வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தேன். அவள் மாறவில்லை. அவள் அப்பா வருவதற்குள் மறந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

காலையில் அவர் வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"யாரு கண்ணு அக்கா பொண்ணு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதுடி அக்கா? எனக்குத் தெரியாம உங்கம்மா எப்பப் பெத்தாங்க?"

சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். வகுப்பில் யாரோ சொன்னது என்று சமாளித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்தார், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவளுக்குப் புரியாதுன்னு நினைச்சியா?"

"அவளைப் பத்தி நினைக்கவே இல்லங்க."

"அடுத்த வகுப்புக்கு அவளையும் கூட்டிட்டுப் போ. போய்ச் சொல்லு."

இன்று கூட்டிப் போனேன். சார் வருவதற்குள் முடித்துவிட நினைத்து, மருந்துக்கடைப் பெண்ணின் முன் போய் நின்றேன்.

"இவ என் பொண்ணுதான். அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்ங்க. உங்க மூக்கை அப்படியே உரிச்சு வெச்சிருக்காளே! நீங்க சங்கடப்படுவீங்கன்னு, யாரும் கேக்க வேணாம்னு நாங்கதான் பேசி வெச்சோம்."

நாங்கள் என்றால் மொத்த வகுப்பும். சுற்றிலும் எல்லாரும் அவசரமாகப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

"பாப்பா பக்கத்துல நான் உக்காரட்டுமா? கடிப்பாளா?"

"கடிப்பா."

"கடிக்கட்டும். எங்க கடையில ஊசி இருக்கு."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மகளும் கையைத் தட்டினாள். வகுப்பு முடியும்வரை என்னால் தலைநிமிர முடியவில்லை.