மூன்று மாதம் என்றவள்

“ஒழுகுறது எத்தனை நாளாம்மா?”

அட்டையிலிருந்து தலை நிமிராமல் காது டாக்டர் கேட்டார். அக்காளிடம் பதில் தயாராக இருந்தது. வெளியே வரிசையில் நின்றபோதே, முன்னால் போன ஒரு தாயை அவர் வறுத்தெடுத்தது கேட்டிருந்தது. பிள்ளை காதில் நாலு வருஷமாகச் சீழ் வடிகிறது, கைகட்டிப் பார்த்துக்கொண்டா இருந்தாய் என்று. தங்கைக்கோ பத்து வருஷம். அம்மா போனபின் அந்தக் காதுக்கும் பொறுப்பு அக்காள்தான்.

“மூணு மாசமா, சார்” என்றாள். தங்கை அப்போது பக்கத்து அறையில் எடை பார்க்கப் போயிருந்தாள்.

அட்டையில் அப்படியே ஏறியது. சொட்டு மருந்து எழுதி, நிற்காவிட்டால் வரச் சொன்னார். பத்தே நாளில் காது காய்ந்தது. அக்காளுக்குத் தலைகால் புரியவில்லை.

இருவருக்கும் தையற்கூடத்தில் அடுத்தடுத்த மெஷின். தங்கையை அங்கே பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் அடைத்திருப்பதைச் சேர்த்தால் ஒரு தலையணை தைக்கலாம் என்பாள் பட்டன் தைப்பவள்.

“தெச்சுத் தரேன், வெச்சுத் தூங்கு. இப்பவும் தூங்கிக்கிட்டேதானே பட்டன் தைக்கிற?” என்பாள் தங்கை.

சில மாதங்களில் காதில் சீழும் வாடையும் திரும்பின. டாக்டரிடம் போனால் பொய் வெளுத்துவிடும் என்று அக்காள் அதே மருந்தைக் கடையில் வாங்கிக் காதில் ஊற்றினாள். காயும், ஒழுகும், மறுபடி காயும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஒருநாள் காலையில் கொப்பளித்த தண்ணீர் தங்கையின் வாயோரம் தானாக வழிந்தது. வலது கண் மூடவில்லை. எழுந்து நின்றவள் தலைசுற்றிச் சுவரைப் பிடித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் பெண் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். செவிப்பறைக்கு உள்ளே தோல் சுருண்டு வளர்ந்து, கரையான் நிலைப்படியைத் தின்பதுபோல எலும்பைத் தின்றிருந்தது. சத்தத்தை உள்ளே கடத்தும் பொடி எலும்புகள் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. முகநரம்பைப் போர்த்திய எலும்பிலும் ஓட்டை. வெளியே காய்ந்தாலும் உள்ளே அரிப்பது நிற்காது என்றார்.

அறுவை முடிந்து மூன்றாம் வாரம் தையலைப் பார்த்துவிட்டு, முகம் மெல்ல நேராகும், அந்தக் காது மட்டும் இனிக் கேட்காது என்றார். ரெண்டு வருஷம் முன்பே காட்டினோமே என்றாள் தங்கை. டாக்டர் பழைய அட்டையைப் புரட்டினார்.

“இதுல மூணு மாசம்னு இருக்கேம்மா. பத்து வருஷம்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருப்பாங்க.”

பஸ் நிறுத்தம் வரை தங்கை பொருமிக்கொண்டே வந்தாள். அந்த ஆள் தப்பாக எழுதித் தன் காதைக் கெடுத்துவிட்டார், சும்மா விடக்கூடாது, அக்காதான் கூட வந்து கேட்க வேண்டும் என்றாள். அக்காள் ஒரு ‘உம்’ கொட்டியிருந்தால் போதும், பழி அவர் தலையோடு போயிருக்கும்.

அவள் சுற்றி வந்து தங்கையின் நல்ல காதுப் பக்கம் நின்றாள்.

“அவர் சரியாத்தான் எழுதினாரு. மூணு மாசம்னு சொன்னது நான். திட்டுவாருன்னு வெக்கமா இருந்துச்சு.”

தங்கை அக்காளைத் திரும்பிப் பார்த்தாள். பாதி முகம் இன்னும் அசையாததால் அதில் என்ன ஓடுகிறதென்று அக்காளுக்குப் பிடிபடவில்லை. ஏதாவது திட்டினால்கூடத் தேவலை என்று காத்திருந்தாள்.

பஸ் வந்து நின்றது. தங்கை கம்பியைப் பிடித்து ஏறி, ஒருவர் மட்டும் உட்காரும் இருக்கையில் போய் அமர்ந்தாள். பின்னால் ஏறிய அக்காள் கம்பியைப் பிடித்து நின்றாள். பஸ் கிளம்பியது.