வரிக்கு வரி சுருதி

பதினோரு வருடங்களில் எழுபது கேசட்டுகளுக்கு கிதார் வாசித்திருந்தார் துளசிராம். ஒன்றின் அட்டையிலும் அவர் பெயர் இல்லை. அட்டை சின்னது, தயாரிப்பாளரின் மாமனார், மைத்துனர் படங்கள் போக இடம் மிஞ்சுவதில்லை. 1998இல் சென்னை ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் இசை ஒருங்கிணைப்பாளர் வேலை காலியானது. உங்கள் பெயர் போட்ட கேசட் ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று அதன் பொறுப்பாளர் எழுதியிருந்தார். நாற்பத்தைந்து வயதில் இன்னொரு கடிதம் வராதென்று துளசிராமுக்குத் தெரியும்.

அந்த மாதம்தான் கொட்டாம்பட்டி அரிசி ஆலை முதலாளி சூரியபிரகாஷ், ‘கானக்கடல்’ என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டு, அழகர் பாட்டுகள் பாட வந்தார். ‘இசை: துளசிராம்’ என்று பெரிதாகவே போட ஒப்புக்கொண்டார்.

மதுரை திருநகரில் துளசிராம் வீட்டின் பின்னறையில் பதிவு. சுருதிப்பெட்டி ஒரே சுரத்தில் நிற்க, கடல் வரிக்கு வரி கொஞ்சம் ஏறிக்கொண்டே போனது. மூன்று நாள் திரும்பத் திரும்பப் பாடவைத்தும் பயனில்லை. அதற்குள் வெளியீட்டு விழா சுவரொட்டி மேலூர்வரை ஒட்டியாகிவிட்டது.

அவரை அனுப்பிவிட்டு, துளசிராம் சுருதிப்பெட்டியையும் கீபோர்டையும் பதிவிலிருந்து நீக்கினார், அவற்றின் சுரம் வளையாது. கிதாரின் முறுக்காணிகளை வரிக்கு வரி திருகி, குரல் போன இடத்துக்கெல்லாம் கம்பிகளைக் கூட்டிக்கொண்டு போனார். நாற்பத்தெட்டு வரிகள், ஆறு நாள். இப்போது குரல் எங்கும் விலகவில்லை. அவர் வாழ்நாளின் சிறந்த வேலை அது. மனைவி வசுந்தரா கேட்டுவிட்டு, அந்த மனிதர் இவ்வளவு நன்றாகப் பாடுவாரா என்று வியந்தாள்.

விழாவில் கானக்கடல் தன் குரலுக்குத் தானே கண்கலங்கினார். சொன்னபடி பெயரும் போட்டிருந்தார். துளசிராமைத் தன் காரிலேயே சென்னைக்கு அழைத்துப்போய், பொறுப்பாளர் அறையில் பக்கத்திலும் உட்கார்ந்துகொண்டார்.

பொறுப்பாளர் கேசட்டை ஓடவிட்டு, கீபோர்டில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தார். இரண்டாம் வரியில் நெற்றி சுருங்கியது.

“குரல் பரவாயில்ல சார், கிதாரோடயே போகுது. கிதார்தான் வரிக்கு வரி ஏறுது. சுருதி சேர்க்காமலா வாசிச்சீங்க?”

பாடினவர் பிசகைப் பாடினவர் எதிரில் சொல்வது வாசிக்கிறவர்களின் வழக்கமில்லை. துளசிராம் திரும்பிப் பார்த்தார். சூரியபிரகாஷின் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

“கம்பி புதுசு,” என்றார் துளசிராம். “சுருதி நிக்கல.”

பொறுப்பாளர் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் கார் விழுப்புரத்தைத் தாண்டியது. பிறகு சூரியபிரகாஷ் அவர் தோளில் கைபோட்டார்.

“விடுங்கண்ணே. எனக்கு வாசிக்க எம்புட்டோ பேரு வருவாங்க. உங்கள நான் விடமாட்டேன். அடுத்த கேசட்டுல சுருதிய மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க.”

துளசிராம் சரி என்றார்.