இரண்டு கிலோ நூறு கிராம்

ஒலுவில் துறைமுகத்தில் மீன் நிறுக்கிற இஹ்ஸானுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. சூரை மீனின் வயிற்றுக்குள் ஐஸ்கட்டியைத் திணித்துக்கொண்டு வருகிறவன், கூடையின் அடியில் ஈரச்சாக்கை மடித்து வைக்கிறவன், தட்டின் ஓரத்தில் பெருவிரலை மறந்துபோய் வைக்கிறவன் என்று ஒன்பது வருடம் பார்த்தாயிற்று. யாராவது சலாம் சொன்னால் முதலில் அந்த ஆளின் கையைத்தான் பார்ப்பான். தராசில் விழும் எண் ஒன்றைத்தான் நம்பினான்.

கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் பொருத்த வெளிக்கிட்டபோதும் அப்படித்தான். எல்லாவற்றையும் புதிதாக வாங்க அவன் கையிலிருந்த காசு காணாது. மருதமுனையில் ஒரு சாறிக் கடை தூக்கிப்போட்ட பழைய மெசினிலிருந்து மதர்போர்டையும் புரொசஸரையும் எடுத்தான். எடுக்கும் முன், கடற்காற்று தின்ற அடையாளம் உண்டா என்று ஒவ்வொரு ஆணியையும் டோர்ச் அடித்துப் பார்த்தான். ரேமை விற்றவனின் வீட்டிலேயே இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுத்தான். கேசிங் வெறும் தகரம்தானே என்று இருந்ததிலேயே மலிவானதை வாங்கினான்.

நல்ல சாமான் என்றால் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றுதான். மனைவி ஸுஹைறாவின் காக்கா, அவளுடைய அண்ணன், கத்தாரிலிருந்து வரும்போது உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. கையிலிருந்த காசில் பாதிக்கு மேல் அதன் விலைக்கே போய்விட்டது. பில் இல்லை, வொரன்டி இல்லை. எரிந்தால் எரிந்ததுதான். இன்னொன்று வாங்க இன்னும் இரண்டு வருடம் மீன் நிறுக்க வேண்டும்.

மிச்சம் இருந்தது பவர் சப்ளை. கல்முனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பவிதரன் அவனோடு ஏ.எல். படித்தவன், பாண்டிருப்பு ஊர்க்காரன். அவன் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

"கார்ட்டுக்கு அவ்வளவு போட்ட நீ, இதில கஞ்சத்தனம் பாராத மச்சான். கரண்ட் ஒழுங்கா வராட்டி முதல்ல போறது கார்ட்தான்."

"இதுல ஒனக்கு எவ்வளவு லாபம் நிக்கும்?"

"பொஞ்சாதிக்கு ரெண்டு பவுண்ல மாலை வாங்குவன். கேக்கிறான் கேள்வி!"

நல்ல பவர் சப்ளை பாரமாக இருக்கும் என்று இஹ்ஸான் வீடியோ ஒன்றில் பார்த்திருந்தான். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்த கொக்கித் தராசை எடுத்து வந்து அதில் கொழுவித் தூக்கினான். ஒரு கிலோ அறுநூற்றைம்பது.

பவிதரன் சிரித்தான். "பாரை மீனாடா இது? தலையையும் வெட்டித் தரவா?"

இஹ்ஸான் சிரிக்கவில்லை. எதை மறைக்க இவன் பகிடி விடுகிறான் என்றுதான் யோசித்தான்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கடை திறந்திருந்த ஜவாத்திடம் அதைவிடப் பெரியது இருந்தது. பெட்டியில் எழுநூற்றைம்பது வாட் என்று போட்டிருந்தது. விலை பாதி.

"நிறுத்துப் பாருங்க காக்கா. உள்ளுக்குச் சாமான் இரிக்கி. பாரமே சொல்லும்" என்றான் ஜவாத். தராசு வெளியே வரமுன்பே சொன்னான்.

இரண்டு கிலோ நூறு கிராம். இஹ்ஸான் வாங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினான். இடம் ஒதுக்க வந்த ஸுஹைறா பவர் சப்ளையைத் தூக்கினாள்.

"இஞ்ச பாருங்க, இது ஒரு பக்கமா இழுக்குது."

"இஞ்ச தா."

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பின்மூலை கீழே சாய்ந்தது. வயிற்றில் ஐஸ் இருக்கிற சூரையும் இப்படித்தான் கையில் சாயும். துறைமுகத்தில் எந்த மீனையும் சாய்த்துப் பார்க்காமல் அவன் தட்டில் போட்டதில்லை. இதைச் சாய்த்துப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டான். துறைமுகத்திலும் 'நிறுங்க, நிறுங்க' என்று முந்திக்கொண்டு வருகிறவனின் கூடையைத்தானே அவன் கொட்டிப் பார்ப்பான்!

ஆணியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'கிழிந்தால் மாற்றித் தரப்படமாட்டாது' என்று அதில் போட்டிருந்தது. ஜவாத்துக்குப் போன் எடுத்தான்.

"ஏன் இது ஒரு பக்கம் மட்டும் பாரமா கிடக்கு?"

"அது அப்படித்தான் காக்கா. கழட்டிக் கிழட்டிப் போடாதீங்க. கழட்டினா நான் பொறுப்பில்ல."

"கழட்டாமக் கொழுவி கார்ட் எரிஞ்சா?"

"அதுக்கும் நான் பொறுப்பில்லதானே."

போனை வைத்துவிட்டு ஸ்டிக்கரைக் கிழித்தான். நான்கு ஆணி. மூடியைத் தூக்கினால் பாதி வெறும் இடம். சிறு பலகை ஒன்று, பெருவிரல் அளவு கம்பிச்சுருள் இரண்டு. பின்மூலையில் கறுப்பு டேப் சுற்றிய சீமெந்துக் கட்டி, பசை போட்டு ஒட்டியிருந்தது. அதைப் பெயர்த்துவிட்டு மீதியை நிறுத்தான். எண்ணூற்றுச் சொச்சம் கிராம்.

"கிணத்துக்கட்டு வெடிச்சிக் கிடக்கு. இந்தக் கட்டிய அதுக்காவது போடுவம்" என்றாள் ஸுஹைறா.

பின்னேரம் பவிதரனின் கடைக்குப் போனான். எஸ்.எஸ்.டி. வாங்க வைத்திருந்த காசு சட்டைப்பையில் இருந்தது. இனிப் பழைய ஹார்ட் டிஸ்க்தான். மேசையில் அதே ஒரு கிலோ அறுநூற்றைம்பதை வைத்தான் பவிதரன். இஹ்ஸான் அதை நான்கு பக்கமும் சாய்த்துப் பார்த்தான்.

"கழட்டிப் பாக்கணும்."

பவிதரன் திருப்புளியை நீட்டினான். "கழட்டு. ஸ்டிக்கர் கிழிஞ்சா வேற ஒட்டித்தாறன்."

இஹ்ஸானின் கை நின்றது. "ஒன்ட கிட்ட ஸ்டிக்கர் இரிக்கா?"

"ரோலே இரிக்கு. கடை வொரன்டிடா இது, நான்தான் ஒட்டுறது."

"அப்ப இதையும் முன்னுக்கே கழட்டிப்போட்டு ஒட்டியிருப்பாய்."

"மச்சான், நீ வீட்டுக்குப் போய் லூடோ விளையாடு."

கழட்டினான். உள்ளே விரல் வைக்க இடமில்லாமல் சாமான் அடைந்து கிடந்தது. சீமெந்து இல்லை. டோர்ச் அடித்து இரண்டுதரம் பார்த்தான். பவிதரன் புது ஸ்டிக்கரை ஒட்டி, அதன் மேல் பேனையால் 'மீன்காரன்' என்று எழுதிக் கொடுத்தான்.

வீட்டில் பொருத்தி முடித்தான். பிஸ்மி சொல்லிச் சுவர் ஸ்விட்சைப் போட்டான். காற்றாடிகள் சுற்றின, திரை வெளித்தது. பழைய ஹார்ட் டிஸ்க் கரகரத்து, கேம் திறக்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் எடுத்தது.

இஹ்ஸான் மவுசைத் தொடவில்லை. கேசிங்கின் பின்பக்கம் குந்தி, எரிகிற வாடை உண்டா என்று வெளியே வரும் காற்றில் மூக்கை வைத்து மணந்து பார்த்தான்.

"விளையாடல்லியா?"

"பொறு."

"அப்ப நான் விளையாடுறன்" என்று ஸுஹைறா கதிரையை இழுத்துப்போட்டாள். திரையில் ஒரு கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. முதல் வளைவிலேயே சுவரில் மோதிச் சிரித்தாள். கார்ட் சூடேறியது. இஹ்ஸான் சுவர் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.