பைகளுக்குக் காவல்

தெருவார் சேர்ந்து செல்லும் நகரச் சுற்றுலாக்களில் அவளுக்குக் 'காவல்காரி' என்றே பெயர். எல்லோருடைய பைகளையும் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு வாசலில் அமர்ந்திருப்பது அவள் வழக்கம். அன்று காலை அரண்மனையையும் மணிக்கூண்டையும் வெளிச்சுவரளவிலேதான் கண்டாள். கடைசி இடம் அருங்காட்சியகம். அங்கும் பைகளை உள்ளே கொண்டுசெல்லக் கூடாது.

"நீ உக்காரு. வந்து எல்லாத்தையும் கதை கதையா சொல்றோம்" என்று மூத்த ஓரகத்தி தன் பையை நீட்டினாள்.

"கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சுக்கா. எனக்கும் கண்ணு இருக்கு."

"அடேயப்பா! அப்ப பையை யாருடி பாத்துக்கிறது?"

அதற்கு விடைகூற வேண்டியவள் தான் அல்லள் என்று அவளுக்குத் தோன்றிற்று. பைகளை ஒவ்வொன்றாக உரியவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் உள்ள போறேன்" என்றாள் மெல்ல.