வெற்றுக் குழலின் எடை

வாசகப் பெருமக்கள் முதற்கண் அடியேனை மன்னித்தருள வேண்டும். விடுமுறை விண்ணப்பங்களையும் ஆய்வுகூடப் பொருட்பட்டியல்களையும் அன்றி வேறெதையும் எழுதிப் பழகாத கை இது. கதை என்ற பெயரில் ஒன்றை எழுதி உங்கள் பொழுதை எடுத்துக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை அறிவேன். ஆயினும் சீலா என்ற பெண்ணுக்கு நேர்ந்ததை ஒருவரேனும் எழுதி வைக்காவிட்டால் அது நேராததைப் போலவே ஆகிவிடுமே என்ற கவலையினால் துணிந்தேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்திலிருந்து மேலேறும் ஒழுங்கையொன்றின் மூன்றாவது வீட்டில், சமையற் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடுவே ஒரு களஞ்சிய அறை இருந்தது. அதற்கு ஒரே ஒரு சன்னல். அதனூடாகப் பார்த்தால் மதிலும், மதிலுக்கு மேலே ஒரு சாண் அளவு துறைமுகத் தண்ணீரும் தெரியும். 1975 தை மாதம் முதல் சீலா பாடசாலை விட்டு வந்த நேரமெல்லாம் அந்த அறையிலேயே கிடந்தாள்.

அவள் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் பௌதிகவியல் ஆராய்ச்சி செய்தவள். தகப்பனார் படுக்கையில் விழுந்ததும் ஓடி வந்தாள். அவர் ஒன்றரை ஆண்டுகள் படுத்திருந்து கண்ணை மூடினார். அதற்குள் நாட்டின் கதவுகள் இறுகிவிட்டன. வெளியே போக அரசாங்க அனுமதி வேண்டும். ஆசிரியை என்றபடியால் கல்விக் கந்தோரின் விடுமுறையும் வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தால்தான் கந்தோர் விடுமுறை தரும். விடுமுறை கிடைத்தால்தான் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பேராசிரியரோ பண்பாகவும் தெளிவாகவும் எழுதியிருந்தார்: 1976 மார்ச் முப்பத்தோராம் திகதிக்குள் நம்பத்தகுந்த புதிய அளவீடுகள் வந்து சேர்ந்தால் உன் இடத்தைக் காத்துத் தருவேன், இல்லையேல் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அவள் அளந்தது இதுதான். செப்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம். சாதாரண உப்புகளில் குளிர் கூடக்கூடக் காந்தத்தின் இழுப்பும் கூடிக்கொண்டே போகும். ஆனால் சில பளிங்குகளில் அணுக்கள் வரிசையாக, சங்கிலிபோல் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பக்கத்தில் பேச்சுக்கும் ஆளில்லை. அவை ஒன்றுக்கொன்று எதிர்முகமாகத் திரும்பி நிற்க விரும்புவதால், குளிரும்போது இழுப்பு ஓரளவு உயர்ந்து, ஓரிடத்தில் வளைந்து, பிறகு இறங்கத் தொடங்கும். அவள் தானே ஆக்கிய ஒரு செப்பு உப்பில் அந்த வளைவு உறைநிலைக்குச் சற்றுக் கீழே வரவேண்டும் என்று கணக்குச் சொன்னது. ஐஸும் உப்பும் கலந்தால் எட்டக்கூடிய குளிர் அது. மீன்பிடிக்காரருக்கான ஐஸ் ஆலை துறையடியில் இருந்தது. உப்பு நிலாவெளியில் விளைந்தது. வேறென்ன வேண்டும்?

காந்தம் வேண்டும். அதைக் கிண்ணியாவில் பழைய இரும்பு வாங்கி விற்கும் தாஹிர் கொண்டுவந்தார். வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன ராடார்க் கருவியொன்றின் லாட காந்தம். இரண்டு பேர் சுமக்கும் பாரம்.

"டீச்சர், இதை இனி என்ர லொறியிலை ஏத்த ஏலாது. ஆணிப் பெட்டி முழுக்க இதிலை ஒட்டிப்போச்சு. பிடுங்கி எடுக்கிறதுக்குள்ள சீவன் போயிட்டுது" என்றார் தாஹிர்.

"நானா, இதுக்கு எவ்வளவு தரவேணும்?" முஸ்லிம் அண்ணன்மாரைச் சீலா அப்படித்தான் அழைப்பாள்.

"என்ர மகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்கள்தானே. இரும்புக் கதையை விடுங்க."

பாடசாலையில் பழுதென்று ஒதுக்கிய இரசாயனத் தராசை அதிபரிடம் எழுதி வாங்கிச் சீலா தானே திருத்தினாள். தராசுத் தட்டின் கீழே நூலில் ஒரு கண்ணாடிக் குழல் தொங்கும். குழலின் அடிநுனி காந்தத்தின் இரு முனைகளுக்கும் இடையில் நிற்கும். உப்புத் தூளை நிரப்பிக் காந்தத்தோடு ஒருமுறை, காந்தத்தை அதன் சில்லுப் பலகையோடு விலக்கி ஒருமுறை நிறுத்தால், கூடிய எடையே காந்தத்தின் இழுப்பு. வெறுங் கண்ணாடியைக் காந்தம் மெல்லத் தள்ளும். ஆகவே வெற்றுக் குழலையும் முன்கூட்டியே நிறுத்து அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். சூட்டுக்கு ஒரு குழல். ஐஸ் உறைக்குள் புகக்கூடிய மெல்லிய குழல் இன்னொன்று.

அந்த வீட்டின் தலைவர் அவளுடைய தமையன் பற்றிக். துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞர். தங்கையின் அறைக்குள் தலையை மட்டும் நீட்டிப் பேசுவார்.

"உள்ளுக்கு வாங்கோவன் அண்ணா."

"வரேலாது பிள்ளை. போன கிழமை வந்து என்ர மணிக்கூடு நிண்டுபோச்சு. உன்ர காந்தத்துக்கு நேரத்திலை என்ன கோபமோ தெரியாது."

அவர் மனைவி மரியமலர் அப்படியல்ல. சோறு வடித்த கையோடு வந்து நின்று பார்ப்பாள்.

"என்ன மச்சாள், குழலைத் தொட்டிலிலை போட்டுத் தாலாட்டிறியளோ? நானும் வந்ததிலையிருந்து பாக்கிறன், ஒருக்கா எண்டாலும் அது ஆடி முடிச்சதாக் காணேல்லை."

"மூச்சு விடாதேங்கோ மச்சாள். ஆடும்."

"ஐயோ, இனி மூச்சும் விடேலாதோ இந்த வீட்டிலை!"

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் சீலாவுக்கு அது சுருக்கென்றது. அந்த வீட்டில் மூச்சடக்கி இருந்தவள் தான் மட்டுந்தானா என்று அவள் அன்றுவரை யோசித்ததில்லை. மரியமலர் கலியாணம் முடித்து வந்த நாள்முதல் மாமனாரின் படுக்கையைக் கழுவினாள். இப்போது மைத்துனியின் ஐஸ் வாளிகளைத் தூக்குகிறாள். சீலா போனால் அந்தக் களஞ்சிய அறையில் ஒரு தையல் மெசின் போடலாம் என்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். அதை மறைக்கவும் தெரியாத, வற்புறுத்தவும் தெரியாத பெண் அவள்.

பளிங்குகள் வளர்ந்தன, வளர மறுத்தன, உப்புக் காற்றில் கசிந்து கெட்டன, மறுபடியும் வளர்ந்தன. நாற்பத்திரண்டு கிராம் சேர ஓராண்டு சென்றது. மார்கழியில் இரு வெற்றுக் குழல்களையும் நிறுத்துக் குறித்துக்கொண்டாள். தை மாதம் சூட்டு அளவீடுகள் முடிந்தன; மெல்லிய குளிர்க் குழலிலும் ஒருமுறை தூளை நிரப்பிக் கொட்டி ஒத்திகை பார்த்தாள். எண்கள் கணக்குப்படியே வரிசையாக வந்தன. மாசியில், ஒரு சனிக்கிழமை காலை, ஐஸ் வந்தது.

அன்று குளிர்க் குழலில் வளைவு வரவில்லை. இழுப்பு உயர்ந்தது, மேலும் உயர்ந்தது. எதிர்பார்த்ததைப்போல் இரண்டு மடங்கு. சீலா மேலும் மூன்று சனிக்கிழமைகள் திருப்பித் திருப்பி நிறுத்தாள். ஒவ்வொரு முறையும் அதே உயர்வு. நான்காம் முறை நிறுத்தபின் அவள் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். எதிர்முகமாக நிற்க வேண்டிய அணுக்கள் ஒரே முகமாகத் திரும்புகின்றன! இதை எவரும் எழுதியதில்லை. வளைவைக் காட்டினால் இடம் காப்பார்கள். இதைக் காட்டினால் தந்தி அடித்துக் கூப்பிடுவார்கள்.

பேராசிரியர் அனுப்பிய அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் "வெற்றுக் குழல்" என்றொரு நிரல் இருந்தது. ஐஸ் உருகும் அவசரத்தில் சனிக்கிழமைகளில் வெற்றுக் குழலை நிறுக்க நேரம் இருந்ததில்லை. மார்கழியில் எடுத்த எண்ணையே நான்கு திகதிகளுக்கும் எதிரே எழுதினாள். கண்ணாடி மாறாது என்பது அவள் நியாயம்.

மார்ச் பத்தொன்பதாந் திகதி, வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்குப் பதிவுத் தபால் மூடும். கட்டுரையை உறையில் இட்டாயிற்று. சாட்சிக்குச் சிறிது தூளும் அனுப்புவோம் என்று குளிர்க் குழலைக் கவிழ்த்துக் குப்பியில் கொட்டினாள். குழலைத் தட்டித் துடைத்து, பழக்கத்தினால் நூலில் மாட்டி, காந்தத்தை உள்ளே தள்ளினாள்.

தராசின் முள் கீழே போயிற்று.

வெறுங் கண்ணாடி. அதைக் காந்தம் தள்ள வேண்டும். இழுத்தது.

காந்தத்தை விலக்கினாள், முள் நிமிர்ந்தது. தள்ளினாள், தாழ்ந்தது. குழலைச் சன்னலுக்குப் பிடித்துக் கைவில்லையால் பார்த்தாள். உட்சுவர் எங்கும் நுண்ணிய கீறல்கள். கீறல்களுக்குள்ளே கறுப்புப் புள்ளிகள்.

"மச்சாள்!" என்று கூப்பிட்டாள். மரியமலர் கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"இந்தச் சின்னக் குழலை நீங்கள் எப்பவாவது கழுவினனீங்களோ?"

"ஓம், தை கடைசியிலை கழுவினனான். நீங்கள் பள்ளிக்கூடத்திலை. ஏன், மினுக்கம் போட்டுதோ?"

"எதாலை கழுவினீங்கள்?"

"முதல் சாம்பல் போட்டன், அடியிலை நீலக் கறை, போகேல்லை. பிறகு கறுப்பு மண் போட்டு, ஈர்க்கிலை துணி சுத்தி நல்லா உரஞ்சினன். தாஹிர் நானா புல்மோட்டைப் பக்கத்தாலை சாக்கிலை கொண்டுவந்து தாறாரெல்லே, அந்த மண். இந்த ஒழுங்கையிலை எல்லாரும் செம்பு குடம் மினுக்கிறது அதாலைதான்." அவள் முகம் மலர்ந்திருந்தது. "குழல் பளபளவெண்டு இருந்தால் அங்கை போற கடுதாசியும் நல்லா இருக்கும் எண்டு நினைச்சன். உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு இருந்து மறந்துபோனன்."

புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இரும்புத் தாது இருப்பது ஊரறிந்தது. காந்தம் வைத்தே அதைப் பிரிக்கிறார்கள். அதைச் சீலா வகுப்பில் எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறாள்.

"மினுங்குது மச்சாள்" என்றாள். "நல்லா மினுங்குது."

மரியமலர் போனபின் அவள் கதிரையில் இருந்தாள். குப்பியின் அருகே ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோனபோது, நீலத் தூளிலிருந்து மயிர்போன்ற கறுப்பு இழையொன்று எழுந்து நின்றது. தூள் முழுவதும் அந்தக் குழலுக்குள்ளேதான் நான்கு கிழமை கிடந்தது. கரைத்து, வடித்து, மறுபடி பளிங்காக்க நான்கு மாதம் வேண்டும். இருந்ததோ பன்னிரண்டு நாள். உறை மேசையில் இருந்தது, ஒட்டியாயிற்று.

இரண்டு மணிக்குப் பற்றிக் அரைநாள் லீவில் வந்தார். அவளைத் தபாற் கந்தோருக்குக் கூட்டிப்போகவே வந்தவர்.

"என்ன, முகம் செத்துப்போயிருக்கு?"

"கணக்குப் பிழைச்சுப் போச்சு அண்ணா. குழலிலை அழுக்கு. குளிர் எண்கள் ஒண்டும் சரியில்லை."

அவர் முதன்முறையாக அறைக்குள்ளேயே வந்துவிட்டார். "அழுக்கோ? எப்பிடி வந்தது?"

சீலா ஒரு கணம் குசினிப் பக்கம் பார்த்தாள். அங்கே தேங்காய் திருவும் சத்தம் கேட்டது.

"தூசி. நான் கவனிக்கேல்லை."

"சரி. அனுப்பு."

"என்னண்டு அனுப்பிறது?"

"அப்பிடியே அனுப்பு! இடத்தைக் காப்பினம், கடிதம் வரும், பெர்மிட் வரும். அங்கை போய் நிண்டுகொண்டு 'மன்னிக்கவேணும், தூசி' எண்டு சொல்லு. அங்கை நிக்கிற ஆளைப் பிடிச்சுத் திருப்பியே அனுப்பப்போறாங்கள்?"

"இல்லை, அனுப்ப மாட்டினம்" என்றாள் சீலா. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தமையன் சொன்னது முழுக்க நடக்கக்கூடியது.

"பிறகென்ன? பதினாலு மாசம் இந்தப் பொந்துக்குள்ள கிடந்தனி. உன்ர வயசென்ன? முப்பத்திரண்டு. இனி ஒரு கதவு திறக்குமோ?"

அவள் உறையைக் கிழித்து அட்டவணையை எடுத்தாள். "வெற்றுக் குழல்" நிரலில் நான்கு திகதிகள், ஒரே எண் நான்கு முறை. மரியமலரின் மணல் ஒரு குழலைத்தான் கெடுத்தது. இந்த நான்கு எண்களையும் எழுதியவள் அவளே. அந்த நாட்களில் ஒருமுறை, ஒரேயொருமுறை, வெற்றுக் குழலை நிறுத்திருந்தால் மாசியிலேயே தெரிந்திருக்கும். நிறுத்தேன் என்று கையொப்பமிட்டு அனுப்பினால், இனி எந்த நாட்டில் எந்தத் தராசின் முன் நின்றாலும் அந்த நிரல் கூடவே வரும்.

"ஏலாது அண்ணா."

"உனக்கு விசர் பிடிச்சிட்டுது."

"இருக்கலாம். ஒரு வெள்ளைத்தாள் தாங்கோ."

அவள் ஒரே பக்கம் எழுதினாள். சூட்டு அளவீடுகளை நம்பலாம். குளிர் அளவீடுகள் அனைத்தும் பிழை. குழலில் இரும்புத் தாது கலந்துவிட்டது. வெற்றுக் குழலை அன்றன்று நிறுக்காதது என் தவறு. நான்கு மாத அவகாசம் தர இயலுமாயின் தயவுகூர்ந்து அறியத்தரவும். பற்றிக்கும் அவளோடு நடந்தார். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தபால் முத்திரை குத்தப்பட்டது.

மே மாதம் பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி கூறியிருந்தார் பேராசிரியர். அவகாசம் தரும் அதிகாரம் தம்மிடம் இல்லை என்றும், இடம் வேறொரு மாணவருக்குப் போய்விட்டது என்றும் வருந்தியிருந்தார். அடுத்த ஆண்டு, வேறொரு நாட்டு ஆய்வுகூடம் அதே உப்பை அளந்து வெளியிட்டது. வளைவு, சீலா கணித்த இடத்திலேயே இருந்தது.

தையல் மெசின் வந்தது. மரியமலர் அதன்முன் இருந்து சீலாவுக்குப் பாடசாலைச் சட்டைகள் தைத்தாள். கணக்கு எப்படிப் பிழைத்தது என்று அவள் ஒருமுறை கேட்டாள். தூசி என்றே சீலா சொன்னாள்.

இழந்தவை: பதினான்கு மாதங்கள். செப்பு உப்புப் பளிங்கு நாற்பத்திரண்டு கிராம். மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்று. நான்கு சனிக்கிழமைகளின் அளவீடுகள், அறுபத்தெட்டு. பல்கலைக்கழகத்தில் ஓர் இடம். எழுதி முடித்த, அனுப்பாத கட்டுரை ஒன்று. நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி, விண்ணப்பிக்கப்படவில்லை.