ஆய்வுக்கூடத்தில் விமலன்

விடிந்தால் கருமாதி. பெம்பான் ஊரில் தங்கள் வீட்டின் பின்கட்டில் பவானேஸ்வரி ஊறவைத்த உளுந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த களைப்பு இல்லை அவளுக்கு. பார்கின்சன் நோய் வந்த புருஷனைத் தூக்கி, உட்காரவைத்து, ஊட்டி, துடைத்து, மறுபடி படுக்கவைத்து, இப்படியே வருஷக்கணக்காக ஓடிய உடம்பின் களைப்பு. விமலன் கண்ணை மூடிய காலையில் அவள் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? அப்பாடா! அடுத்த நொடியே கதறி அழுதாள், உண்மையாகத்தான் அழுதாள். ஆனால் அந்த அப்பாடாவை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் ஊர் சும்மா விடுமா?

கைப்பேசி அடித்தது. கை ஈரம். ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"ஆன்ட்டி, தேவிஸ்ரீ பேசுறேன், கே.எல். யுனிவர்சிட்டி லேப்லருந்து. ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன. செங் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த விமலன், கை நடுங்கி வேலையை விட்ட பிறகு, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து கேட்டார்கள். கையிலிருந்து துளித் தோலை வெட்டி எடுத்துக்கொள்ள அவரும் சம்மதித்தார். அந்தத் தோலைப் பக்குவப்படுத்தி மூளையின் ஸ்டெம் செல்லாக மாற்றுவார்களாம். அதிலிருந்து புது நரம்பு செல் வளர்த்து, இந்த நோய்க்கு வைத்தியம் கண்டுபிடிப்பார்களாம். என்னவோ செய்துகொள்ளட்டும் என்று பவானேஸ்வரி அவருக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, அத்தோடு மறந்துபோனாள்.

"அங்கிள் தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். ரொம்ப வருத்தமா இருக்கு ஆன்ட்டி. இந்த நேரத்துல சொல்றது சரியான்னும் தெரியல. அங்கிளோட ஸ்டெம் செல்லுக்கு, மூளையில தானாவே ஊறுற ஒரு பொருளக் குடுத்துப் பாத்தோம். நல்லா வளந்துருச்சு. இப்ப டோபமின் சுரக்குது. அங்கிள் மூளையில வத்திப்போச்சே, அதேதான்."

பவானேஸ்வரி தண்ணீரை வடிக்க மறந்து நின்றாள். மனுஷர் இருந்தபோது ஒரு ஸ்பூனைப் பிடிக்க வழியில்லாமல் வறண்டு கிடந்தது. எரித்து, சாம்பலைச் செர்காம் கடலில் கரைத்த பிறகு அங்கே ஊறுகிறதாமே! யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கோபம் வந்தது.

"இன்னும் வச்சு வளக்கலாமா, நிறுத்திடணுமான்னு வீட்ல கேக்கணும். அதான் ரூல்ஸ். யோசிச்சு சொல்லுங்க ஆன்ட்டி."

வாழையிலைக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த விமலனின் அண்ணன் பெரியதம்பி அத்தனையையும் கேட்டுவிட்டார்.

"தம்பி உசுரோட இருக்கானா?"

"அவரு இல்ல மாமா. அவரு தோலு."

"தோலாவது மண்ணாவது! உசுரோட இருக்கா இல்லியா, அதச் சொல்லு."

பதிலுக்குக் காத்திராமல், கிரியை செய்ய வரவிருந்த சிவசாமி பண்டாரத்தைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னார். பண்டாரம் பாவம், திணறிப்போனார்.

"முடி வெட்டுறோம், நகம் வெட்டுறோம், அதெல்லாம் கணக்குல வராது. வெட்டிப் போட்டது வளருதுன்னா... எங்கப்பாரு இதச் சொல்லித் தரலியே. எதுக்கு வம்பு? நாளைக்குள்ள நிறுத்தச் சொல்லிடுங்க லா. கிரியை சுத்தமா முடியும்."

"கேட்டியா பவானி? பாதி அங்க பாதி இங்கன்னு என் தம்பி அலையக்கூடாது. போன் போடு."

ஆத்மாவைப் பற்றி யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. அவளுக்கும் நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் காரணம் வேறு. அந்த மனுஷரின் ஒரு துணுக்கு எங்கோ உயிரோடு இருக்கிறது என்றால் இவள் காதும் விழித்தே கிடக்கும். இருமினாரா, புரண்டு விழுந்தாரா என்று கேட்டுக்கொண்டே கிடக்கும். போதும்டா சாமி. தூங்க வேண்டும்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தேவிஸ்ரீயை அழைத்தாள். நிறுத்திவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்ததென்னவோ வேறு.

"அதுக்குச் சாப்பாடு யாரும்மா குடுக்குறா?"

"நான்தான் ஆன்ட்டி. சத்துத் தண்ணி மாதிரி இருக்கும். பழச எடுத்துட்டுப் புதுச ஊத்தணும். விட்டா செத்துரும்."

"லீவு நாள்ல?"

"லீவே கிடையாது ஆன்ட்டி. தீபாவளிக்குக்கூட தலை காயாம பஸ் புடிச்சு வந்தேன். அம்மா ஒரே ஏச்சு."

"மாத்தி விட ஆள் இல்லியா?"

"இருக்காங்க. ஆனா மனசு கேக்காது. ஒழுங்கா ஊத்துனாங்களா இல்லியான்னு வீட்ல உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருப்பேன்."

பவானேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்தாள். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு ஜாசினில் ஒரு கல்யாணத்துக்குப் போய், மனசு கேட்காமல் பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு ஓடி வந்தவள் அவள்.

"உனக்குச் சலிக்கலியா?"

"சலிக்கும் ஆன்ட்டி. சில நாள் எல்லாத்தையும் சிங்க்ல ஊத்திட்டு வீட்டுக்குப் போயிரலாம்னு தோணும். சாரி ஆன்ட்டி, உங்க வீட்டுக்காரரப் போயி இப்படி..."

"எனக்கும் தோணுச்சு" என்றாள் பவானேஸ்வரி. "நெறைய நாளு. செத்துத் தொலைய மாட்டாரான்னு."

சொல்லிவிட்டாள். இடி ஒன்றும் விழவில்லை. மறுமுனையில் அந்தப் பிள்ளை மூக்கை உறிஞ்சுவதுதான் கேட்டது. இவளுக்கும் கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

கதவு தடதடத்தது. "சொல்லிட்டியா? பண்டாரம் லைன்ல காத்திருக்காரு லா!"

"நாளைக்குக் கிரியை நடக்கும் மாமா! போயி இலையத் தொடைங்க!"

பெரியதம்பியை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை. அவர் காலடிச் சத்தம் பின்கட்டுப் பக்கம் போனது.

"வளத்துக்கம்மா" என்றாள் போனில். "எங்கியோ ஒருத்தி புருஷனத் தூக்கித் தூக்கி இடுப்பொடிஞ்சு கெடப்பா. அவ ஒரு நாளாச்சும் தூங்கட்டும்."

"தேங்க்ஸ் ஆன்ட்டி! அடுத்த ரிசல்ட் வந்ததும் உங்களுக்குத்தான் மொதல்ல..."

"வேணாம். நல்லா வந்தாலும் சொல்லாத, செத்துப்போனாலும் சொல்லாத. இனிமே அவர நீ பாத்துக்க. நான் பாத்தாச்சு."