மூணுலேர்ந்து நாலு

ஞானசெல்வியின் குடும்பம் போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கிறது. மண்டி ஜீப்பைப் பதினெட்டு வயதிலேயே போடிமெட்டு வரை தனியாக ஓட்டிப்போய்த் திரும்பியவள் அவள். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் வகுப்பில் இருந்த நாற்பத்தெட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாள் லேபில் அவளோடு ஜோடி சேர யாரும் வரவில்லை. எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, உத்தமபாளையத்துப் பையன் நவாஸ் தன் ஸ்பேனர்களை அள்ளிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான்.

"கியர்பெட்டிய நான் பிரிக்கிறேன். நீ படம் வரைஞ்சிரு. எனக்குக் கோடு நேரா வராது" என்றான்.

அந்தச் சிநேகம் பன்னிரண்டு வருஷம் நின்றது.

படிப்பு முடிந்ததும் நவாஸ் பழனிசெட்டிபட்டியில் ஒர்க்‌ஷாப் போட்டான். எஸ்டேட் ஜீப்புகள்தான் அவனுக்குச் சோறு போட்டன. மலையேறி இறங்கியே இரண்டாவது கியர் தேய்ந்துபோன ஜீப்புகள் குமுளியிலிருந்தும் வண்டிப்பெரியாரிலிருந்தும் அவனைத் தேடி வரும். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தே எந்தப் பல் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். செல்வி மண்டியில் அப்பாவோடு வியாபாரம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுவாள். நவாஸின் மனைவி ரஃபியா அவளுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பாள்.

ரேஸ் டிராக்கில் ஓட்ட ஒரு கார் கட்ட வேண்டும் என்பது செல்வியின் ஆசை. அனுமந்தன்பட்டியில் ஒருவர் வீட்டுக் கொட்டகையில், வாழைத்தாருக்கு நடுவில் கிடந்த பழைய எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி வந்தார்கள். பின் சீட்டையும் தரை விரிப்பையும் கழற்றி எறிந்தார்கள். உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வைத்து வெல்டிங் செய்தார்கள். இன்ஜினைப் பிரித்துக் கோத்தார்கள். இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. கடைசியாக மிஞ்சியது கியர்பெட்டி.

மேசைமேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று காரோடு வந்தது. மற்றொன்று கொச்சியில் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் விட்டுப்போனது. அதில் பற்கள் நேராக வெட்டப்பட்டிருக்கும். கிளட்சை மிதிக்காமலே கியரைத் தட்டிவிடலாம். ஓடும்போது ஊளையிடும். செல்விக்கு அந்த ஊளையின்மேல்தான் கண்.

"இது வேணாம் செல்வி" என்றான் நவாஸ். "இதத் தெனமும் ஓட்டுறவன் வச்சுக்கிறணும். நீ வருஷத்துக்கு நாலு தடவ டிராக்குக்குப் போவியா? தயங்கித் தயங்கிப் போட்டா பல்லு பூராம் மழுங்கிரும். பழைய பெட்டியே போதும். கடைசிப் பல்சக்கரத்த மட்டும் மாத்தித் தாரேன். எல்லா கியரும் கிட்டக் கிட்ட வந்துரும். மூணுலயும் நாலுலயுமே முழு டிராக்கயும் ஓட்டிறலாம்."

அவள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒன்று கேட்டாள். கியர் லிவர் குட்டையாக வேண்டும். கை அதிகம் போய் வரக் கூடாது.

"குட்டையாக்குனா லிவரு போற வழியெல்லாம் நெருங்கிப்போகும்" என்றான் நவாஸ். "நாலு விழ வேண்டிய எடத்துல ரெண்டு விழுந்துரும்."

"நான் பாத்துக்கிறேன்."

அவன் செய்து கொடுத்தான். லிவர் தானாக நடுவுக்கு வந்து நிற்கும்படி கெட்டியான ஸ்பிரிங் ஒன்றையும் போட்டான். அவளை உட்கார வைத்து, அணைந்த இன்ஜினிலேயே மாற்றிக் காட்டினான்.

"கப்புனு பிடிக்காத. உள்ளங்கைய வச்சுத் தள்ளு, அவ்வளவுதான். மூணுலேர்ந்து நாலுன்னா நேரா கீழ இழு, ஸ்பிரிங்கு வழி காட்டும். வளைவுல மட்டும் மாத்தவே மாத்தாத. வலப்பக்க வளைவுல ஒடம்பு இடப்பக்கமா சாயும், கையும் கூடவே போகும், ரெண்டு அந்தப் பக்கந்தான் இருக்கு. ஸ்டீயரிங் நேரான பெறகு மாத்து."

"சரிடா வாத்தியாரே" என்று சிரித்தாள்.

கோயம்புத்தூரில் ரேஸ் டீம் வைத்திருந்த சண்முகராஜ் பூர்வீகத்தில் போடிக்காரர். செல்வி போனில் போட்டிருந்த அந்தக் காரின் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். டிராக்கில் யாரை வேண்டுமானாலும் ஓட்ட விடும் நாள் ஒன்று வருகிறது, வண்டியைக் கொண்டு வாருங்கள், கியர் வேலை பிடித்திருந்தால் அடுத்த சீசனுக்குத் தன் நாலு கார்களின் பெட்டியையும் நவாஸிடமே தருவதாகச் சொன்னார். நவாஸ் அன்று சாயங்காலமே ஒர்க்‌ஷாப்புக்கு வெள்ளையடிக்க ஆள் பார்த்தான்.

டிராக்கில் காலை ஓட்டம் நன்றாகப் போனது. கார் செல்வி சொன்னபடி கேட்டது. டிராக் ஓரம் வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் பிட்டில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது சண்முகராஜ் குனிந்து லிவரை ஆட்டிப் பார்த்தார்.

"வெண்ணெயா இருக்கேப்பா" என்றார். நவாஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தான். சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை அவனுக்கு.

இரண்டாவது ஓட்டத்தில் அவளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. மூன்று சுற்றாக அதன் வாலைப் பிடித்தும் தாண்ட முடியவில்லை. நாலாவது சுற்றில், நேர்ச்சாலைக்கு முந்தைய வலப்பக்க வளைவில், இன்ஜின் உச்சத்துக்குப் போய்க் கத்தியது. வளைவு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தை விட்டால் வெள்ளைக் கார் போய்விடும் என்று தோன்றியது. லிவரை இறுக்கிப் பிடித்து இழுத்தாள்.

விழுந்தது நாலு அல்ல. ரெண்டு.

கிளட்சை விட்டதும் முன்சக்கரங்கள் கிறீச்சிட்டன. ஒரு நொடி, அதுவரை அவள் கேட்டிராத உயரத்தில் இன்ஜின் அலறியது. அப்புறம் அடியில் ஏதோ உடைகிற சத்தம். கார் ஒரு முழுச் சுற்று சுற்றிப் புல்லில் போய் நின்றது. பின்னால் எண்ணெய்க் கோடு. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை.

கயிறு கட்டி இழுத்து வந்து பிட்டில் நிறுத்தினார்கள். பதினைந்து, இருபது ஆண்கள் சுற்றி நின்றார்கள். இன்ஜின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் சண்முகராஜ்.

"நாலு போட்டேன் சார். ரெண்டுல விழுந்துருச்சு."

அதுவரை அவள் சொன்னது உண்மைதான்.

"தானாவா? லிவரு கீழ ஏதும் லூஸா இருந்துச்சா?"

கூட்டத்தில் யாரோ ஒருவன் பக்கத்து ஆளின் காதில் எதையோ சொல்ல, அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்பதைத் தவிர அது வேறென்னவாக இருக்கும்? செல்வி ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டினாள், அவ்வளவுதான்.

சண்முகராஜ் நவாஸைத் திரும்பிப் பார்த்தார். நவாஸ் செல்வியைப் பார்த்தான்.

"பிரிச்சுப் பாக்குறேன் சார்" என்றான்.

நாலு கார் பேச்சை அதற்குப் பிறகு சண்முகராஜ் எடுக்கவில்லை. ரஃபியா கட்டிக் கொடுத்த நெய்ச்சோறு திறக்காமலே ஊர் திரும்பியது.

காரின் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கேமரா மாட்டியிருந்தார்கள். அது அன்று ஓடியது நவாஸுக்குத் தெரியாது. அதன் கார்டு செல்வியின் கைப்பையில் இருந்தது. மறுநாள் மண்டியில் ஆள் இல்லாத நேரத்தில் போட்டுப் பார்த்தாள். ஸ்டீயரிங் இன்னும் வலப்பக்கம் திரும்பியே இருக்கிறது. அவள் உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. இடது கை லிவரை முட்டி வெளுக்கப் பிடித்து, அந்தப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போய்க் கீழே இழுக்கிறது. இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கார்டை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

அடுத்த ஞாயிறு நவாஸ் கூப்பிட்டான். போனாள். பெட்டியையும் லிவரையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் துணிமேல் வரிசையாக வைத்திருந்தான். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான்.

"எதுவுமே லூஸ் இல்ல. புஷ்ஷு புதுசாட்டமா இருக்கு. ஸ்பிரிங்கும் நல்லாத்தான் இருக்கு." அதைத் திரும்பத் துணிமேல் வைத்தான். "சும்மா கேக்குறேன் செல்வி. வளைவுலயே மாத்துனியா?"

ஒர்க்‌ஷாப்பில் வேறு யாரும் இல்லை.

"இல்ல" என்றாள். "நேரான பெறகுதான் மாத்துனேன்."

அவன் தலையாட்டினான். நம்பினான். ஸ்பிரிங்கைக் கையில் எடுத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தான். "அப்ப இதுதான் பத்தல. நான் போட்டதுதான் தப்பு" என்றான்.

அவன் கத்தியிருந்தாலாவது உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள். அது அப்படியா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

அதன் பிறகு மண்டியில் வேலை என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளைத் தட்டிக்கழித்தாள். எட்டு மாதம் கழித்து ரஃபியாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நீங்களாச்சும் அவுககிட்டச் சொல்லக் கூடாதா? பெட்டி வேலையே எடுக்க மாட்டேங்குறாக. மாட்டுன பெட்டியத் திரும்பத் திரும்ப அவுத்துப் பாக்குறது, வண்டிக்காரங்க திட்டிட்டுப் போறதுன்னு ஆகி, ஒர்க்‌ஷாப்ப மூடிட்டாக. கம்பத்துல எங்கண்ணனோட ஜீப்ப இவுகதான் ஓட்டுறாக. கேட்டா, என் கை போயிருச்சு ரஃபியாங்குறாக."

மறுநாளே செல்வி கம்பத்துக்குப் போனாள். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நின்றன. மூன்றாவது ஜீப்பின் பானெட்டில் சாய்ந்து நவாஸ் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏ ஆத்தா, வழி தெரிஞ்சிருச்சா உனக்கு? இங்கன வா, வெயில்ல நிக்காத."

அவள் போனை எடுத்து வீடியோவைப் போட்டு அவன் கையில் கொடுத்தாள். ஒரு தடவை பார்த்தான். திரும்ப வைத்துப் பார்த்தான். டீ கிளாஸைப் பானெட்டில் வைத்துவிட்டு மூன்றாம் தடவையும் பார்த்தான்.

"இது அன்னிக்கி ஓடுனதா?"

"ஆமா."

"நீ எப்பப் பாத்த?"

"மறுநாளே."

ஆட்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தபடியே பேசினான். குரல் உயரவில்லை.

"இன்ஜின் போனதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எவனுக்கும் கை தப்பும். பிட்டுல தலையாட்டுனியே, அதுகூட எனக்குப் புரியுது. அத்தன பேரு நின்னு வேடிக்க பாத்தாங்கெ. ஆனா ஒர்க்‌ஷாப்புல நீயும் நானும் மட்டுந்தான இருந்தோம் செல்வி?"

"எட்டு மாசம்" என்றான் அவன். "எட்டு மாசமா என் கையவே நான் நம்பல. வீட்டுல குழாயி முறுக்குனாக்கூட திரும்பப் போய்ப் பாத்தேன்."

போனை அவள் கையில் கொடுத்தான். வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தான். ஜீப் நிறைந்திருந்தது. கம்பம்மெட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

அங்கேயே நின்று சண்முகராஜைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள், வீடியோவையும் அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

"இத அன்னைக்கே சொல்லிருந்தா ஒரு இன்ஜினோட போயிருக்குமேம்மா" என்றார். வேலையை வேறு ஆளிடம் கொடுத்தாகிவிட்டது, ஒப்பந்தம் மூன்று வருஷம். ஆனாலும் நவாஸைத் தானே கூப்பிட்டுப் பேசுவதாகச் சொன்னார். பேசவும் செய்தார் என்று ரஃபியா சொல்லித் தெரிந்தது.

எஸ்டீமின் மிச்சத்தைச் செல்வி மதுரைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். டிராக் பக்கம் அதற்குப் பிறகு போகவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் நவாஸ் உத்தமபாளையத்தில் பைபாஸ் ஓரமாக மறுபடியும் ஒர்க்‌ஷாப் திறந்தான். மண்டி ஜீப்பின் டிரைவர் ஒச்சாண்டிதான் செய்தி கொண்டுவந்தான். வாசலில் மூன்று எஸ்டேட் ஜீப்புகள் காத்துக்கிடக்கின்றன என்றான். செல்விக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஜீப்பின் மூன்றாவது கியர் கொஞ்ச நாளாகக் கடகடத்துக்கொண்டிருந்தது. அதைத் தானே ஓட்டிக்கொண்டு போனாள்.

சத்தம் கேட்டு நவாஸ் வெளியே வந்தான். கொஞ்சம் உடம்பு தேறியிருந்தான். அவளை அடையாளம் கண்டதும் நின்றான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"வாங்க" என்றான்.

பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"மூணு கொஞ்சம் சத்தம் குடுக்குது" என்றாள்.

சாவியை வாங்கி ஏறி, ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தான். பேரிங் போயிருக்கிறது, பல்லுக்கு ஒன்றுமில்லை, புதன்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்றான். ரஃபியாவை விசாரித்தாள். நல்லா இருக்கா என்றான். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு நடந்தாள்.